ஆகாசத்தின் இடது கண்

வேலை நடக்கும் இடத்தில் அவரை எல்லாரும் ஆகாசம் என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது; அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். காலை ஆறரைக்கு ஏணியில் கால் வைத்தால் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் மறுபடி மண்ணை மிதிப்பார். நடுவில் உள்ள பத்தரை மணி நேரமும் டவர் கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள், இருபது மாடி உயரத்தில் இருப்பார்.

மற்ற ஆபரேட்டர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கி வருவார்கள். இவர் வரமாட்டார். ஏறி இறங்கினால் முட்டி தேய்கிறது என்பது வெளியில் சொன்ன காரணம். கீழே உள்ளவர்களின் வம்புப் பேச்சு அவருக்கு ஆகாது என்பது உண்மையான காரணம். டப்பாவைத் திறந்து மடியில் வைத்துச் சாப்பிடுவார். ஒன்றுக்குப் போக ஒரு பாட்டில் வைத்திருந்தார். மேலே சிகரெட் பிடிக்கக்கூடாது என்பது விதி. அதை ஒருநாளும் மீறியதில்லை என்று சத்தியம் செய்வார். ஜன்னல் விளிம்பில் படிந்திருந்த சாம்பல் வேறு கதை சொல்லும்.

அந்தக் கூண்டு ஒரு டெலிபோன் பூத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது. ஒரு நாற்காலி, வலது கைக்கு ஒரு லீவர், இடது கைக்கு ஒரு லீவர். காலடியும் கண்ணாடிதான். இரண்டு முழங்காலையும் அகட்டி உட்கார்ந்தால் நடுவில் கொக்கி தெரியும், கொக்கிக்குக் கீழே ஆட்களின் மஞ்சள் தொப்பிகள் தெரியும். இருபத்தொன்பது வருஷமாக அவர் உலகத்தைப் பார்த்தது அப்படித்தான். மனிதர்களை அவருக்கு முகத்தைவிடத் தலை உச்சியை வைத்துத்தான் நன்றாக அடையாளம் தெரியும் என்று அவர் மனைவி கேலி செய்வாள்.

கீழே நின்று அவருக்கு சிக்னல் கொடுத்தவள் முப்பத்து நாலு வயதுக்காரி. ஆறு வருஷமாக இருவரும் ஒரே ஜோடி. சுமை எங்கே இருக்கிறது, எவ்வளவு இறக்க வேண்டும், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று வாக்கி-டாக்கியில் சொல்வது அவள் வேலை. அவளுக்கு இவர் அண்ணே. இவருக்கு அவள் தங்கச்சி. நேரில் பேசிக்கொண்டது குறைவு. காதுக்குள் பேசிக்கொண்டது ஏராளம். அவள் குரல் லேசாகக் கம்மினாலே, வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று இவர் கண்டுபிடித்துவிடுவார். லீவரை இவர் தள்ளுகிற வேகத்தை வைத்தே, இன்றைக்கு முதலாளி திட்டிவிட்டார் என்று அவளும் கண்டுபிடித்துவிடுவாள்.

ஐம்பத்தேழாவது வயதில் அவருக்கு அது வந்தது. முதல் தடவை வந்தது பஸ் ஸ்டாப்பில். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த சோப்பு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். விளம்பரத்தின் மேல் பாதி காணாமல் போயிற்று. யாரோ கடையின் ஷட்டரை மெதுவாக இழுத்து மூடுவதுபோல ஒரு சாம்பல் நிறம் மேலிருந்து இறங்கி வந்து கீழ்ப் பாதியையும் மூடியது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. கண்ணைக் கசக்கினார். தூசி என்று நினைத்தார். ஐந்து நிமிஷம் ஆனபிறகு ஷட்டர் வந்த வழியே மேலே ஏறிப் போய்விட்டது. சோப்பு விளம்பரம் பளிச்சென்று இருந்தது. பஸ் வந்தது, ஏறிக்கொண்டார். அன்று சாயங்காலம் அதை மறந்தே போனார்.

பதினோரு நாள் கழித்து மறுபடி வந்தபோது அவர் கூண்டுக்குள் இருந்தார். கொக்கி காலியாக இருந்தது நல்லதாயிற்று. இந்தத் தடவை ஒரு காரியம் செய்தார்: வலது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தார். உலகமே இல்லை. இடது கண்ணை மூடிப் பார்த்தார். எல்லாம் இருந்தது. ஆக, இடது கண்தான். அந்த ஐந்து நிமிஷமும் மூக்குக்கு இடது பக்கம் இருந்த உலகத்தை யாரோ வெட்டி எடுத்துக்கொண்டு போனதுபோல் இருந்தது. கீழே சிக்னல்காரி ஏதோ சொன்னாள். காற்று பலமாக இருக்கிறது, கொஞ்சம் பொறு என்று பதில் சொன்னார். அன்று ஓர் இலைகூட அசையவில்லை.

அன்றைக்கு அவர் இறங்கி வந்து யாரிடமாவது சொல்லியிருக்கலாம். பின்னால் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். ஆனால் யாரிடம் சொல்வது? கம்பெனியில் சொன்னால், அடுத்த நிமிஷமே கிரேன் சாவியைக் கையை நீட்டி வாங்கிக்கொள்வார்கள். கண் கோளாறு என்று ஒரு தாளில் ஏறிவிட்டால், அப்புறம் தரையில் எத்தனை பேர் சிபாரிசு செய்தாலும் அந்த ஏணியில் கால் வைக்க முடியாது. மனைவியிடம் சொன்னால் அவளே கம்பெனிக்குப் போன் செய்வாள். சிக்னல்காரியிடம் சொல்வதோ எல்லாவற்றையும்விடக் கஷ்டம். அவர் தூக்குகிற சுமைக்குக் கீழே நடமாடுகிறவள் அவள்தான்.

ஆகவே மூடி மறைத்தார். மருந்துக் கடையில் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கி, பஸ்ஸில் முகத்தை அண்ணாந்து விட்டுக்கொண்டார். சிமென்ட் தூசியாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னதை டாக்டர் சொன்னதுபோல் எடுத்துக்கொண்டார். சிக்னல்காரியிடம், தூரத்தை மீட்டர் கணக்கில் சொல்லச் சொன்னார். இத்தனை வருஷமாக இல்லாமல் இப்போது எதற்கு என்று அவள் கேட்டதற்கு, புது விதி வந்திருக்கிறது என்று கூசாமல் புளுகினார். தளத்தின் இடது பக்கம் எந்தத் தூண் எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்துகொண்டார். பிடித்த கூண்டு, அவரே விரும்பி உட்கார்ந்த கூண்டு, இப்போது கதவு சாத்தியதும் மூச்சு முட்டியது. மேலே இருந்தால் எப்போது ஷட்டர் விழும் என்ற பயம். இறங்கினால் மறுபடி ஏறவே விடமாட்டார்களோ என்ற பயம். நடுவில் தொங்கிக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை அவருக்கு.

மனைவிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவள் குடிநீர் வாரிய அலுவலகத்தில் புகார் கவுன்டரில் உட்காருகிறவள். நாள் முழுக்க ஜனங்கள் சொல்லும் உண்மையையும் பொய்யையும் தனித்தனியாகப் பிரித்துப் பழகியவள். ராத்திரிச் சாப்பாட்டின்போது, எதற்கு ஒரு கண்ணை மூடிமூடிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். பல்பைப் பார்த்தேன் என்றார். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காமல் விடுகிறாள் என்றால் எழுதி வைத்துக்கொண்டாள் என்று அர்த்தம்.

ஆறாவது தடவை வந்தது ஒரு வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு. கொக்கியில் மூன்று டன் கான்கிரீட் சுவர்ப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. பதினாலாவது மாடியில், கட்டடத்தின் இடது ஓரத்தில், அதைப் பிடித்து நிறுத்த இரண்டு பேர் காத்திருந்தார்கள். பலகையை அவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தபோது ஷட்டர் இறங்கியது. வலது கண்ணுக்கு அந்தப் பக்கத்தைக் கூண்டின் ஜன்னல் கம்பி மறைத்தது; இரண்டு பேரும் மறைந்தார்கள். ஓரத்துத் தூணும் மறைந்தது.

இரண்டு லீவரையும் விட்டுவிட்டார். கிரேன் நின்றது. பலகை மட்டும் நிற்காமல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

"ஏண்ணே நின்னுட்டீங்க?" என்று காதுக்குள் அவள் குரல் கேட்டது.

"மோட்டார் சூடாயிருக்கு தங்கச்சி. அஞ்சு நிமிஷம்."

மோட்டார் சூடானால் எப்படிச் சத்தம் வரும் என்பது அவளுக்கும் தெரியும். அந்த அலைவரிசையில் இருபது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால்தானோ என்னவோ, அவள் அடுத்துக் கேட்டதை ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

"அண்ணே, அங்க நிக்கிறவங்க ரெண்டு பேரும் உங்களுக்குத் தெரியறாங்களா?"

அவர் வாயைத் திறந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த இரண்டு பேரில் ஒருவனுக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அவனுடைய தலை உச்சியில் புதிதாக வெட்டிய முடி அவருக்கு நினைவுக்கு வந்தது.

"தெரியலை," என்றார்.

அவள் பதினாலாவது மாடியில் இருந்தவர்களை உள்ளே போகச் சொன்னாள். கீழே நின்றவர்களை வேலிக்கு வெளியே அனுப்பினாள். பிறகு, பிள்ளையை நடக்கப் பழக்குவதுபோல, அவரை ஒவ்வோர் அடியாக நகர்த்தினாள். வலது பக்கம் கொஞ்சம், போதும், நிறுத்துங்க. இப்ப இறக்குங்க, மெதுவா, இன்னும், இன்னும். பலகை மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்த சத்தம் வாக்கி-டாக்கியில் அவருக்குக் கேட்டது. கொக்கியைக் கழற்றிவிட்டோம் என்று அவள் சொன்னபோது அவருடைய சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஷட்டர் ஏறியது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அவர் இறங்கி வரவில்லை. மேனேஜர் வாக்கி-டாக்கியில் கூப்பிட்டார். அதன் சத்தத்தைக் குறைத்தார். கீழே மஞ்சள் தொப்பிகள் கூட்டமாகச் சேர்ந்து, எல்லாம் அண்ணாந்து பார்த்ததில் முதல் தடவையாக அவருக்கு முகங்கள் தெரிந்தன. அந்த முகங்களுக்கு நடுவே இறங்கிப் போக அவருக்குத் தைரியம் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு மணி நேரம் போனது.

பிறகு நாற்காலிக்குப் பின்னால், தரையில் இருந்த இரும்புக் கதவு தட்டப்பட்டது. திறந்தார். ஏணியின் உச்சியில், கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி சிக்னல்காரி நின்றாள். ஆறு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட ஏறியதில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது. கீழே பார்க்காமல் அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எத்தனை நாளாண்ணே?"

"ரெண்டு மாசம்."

"ரெண்டு மாசமா என் தலைக்கு மேல தொங்க விட்டுருக்கீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

"சொன்னா என்ன பண்ணிருப்பே?"

"மேனேஜர்கிட்ட சொல்லிருப்பேன். இப்பவும் கண் கோளாறுன்னு சொல்லிட்டுத்தான் ஏறி வந்தேன்."

அவருக்குச் சுருக்கென்றது. ஆறு வருஷப் பழக்கத்தை ஒரே நிமிஷத்தில் காட்டிக்கொடுத்துவிட்டாளே என்று நினைத்தார். கோபத்தில் கதவைச் சாத்தப் போனவர், அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கம்பியோடு ஒட்டி நிற்பதைப் பார்த்தார். இந்தப் பெண்ணைத் தனியாக இறங்கவிட முடியாது. வேறு வழியில்லாமல் தானும் இறங்கினார். தரையில் மேனேஜர் கையை நீட்டினார், இவர் சாவியைக் கொடுத்தார்.

மறுநாள் மனைவி கவுன்டருக்கு லீவு போட்டுவிட்டு அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண் டாக்டர் ஓர் அம்மாள். சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்தபிறகு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, வலது கை மரத்துப் போனதுண்டா, பேச்சு குழறியதுண்டா என்று கேட்டார். இல்லை என்றார் ஆகாசம். கண்ணுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

கண்ணின் பின்சுவரில் நூல் மாதிரி ஓடும் ரத்தக்குழாய் ஒன்று இரண்டாகப் பிரியும் இடத்தில், மஞ்சளாக மினுக்கும் ஒரு துணுக்கு மாட்டிக்கொண்டிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். அது கொழுப்புத் துணுக்கு. கண்ணில் உண்டானதில்லை, எங்கிருந்தோ ரத்தத்தோடு அடித்துக்கொண்டு வந்தது.

"உங்க கண் நல்லாத்தான் இருக்கு. அதுக்கு வர்ற வழிதான் சரியில்லை," என்று சொல்லி, ஸ்டெதஸ்கோப்பை அவர் கழுத்தின் இடது பக்கம் வைத்து மூச்சை அடக்கச் சொன்னார்.

கழுத்தின் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள் மேலே ஏறுகின்றன. அதிலிருந்துதான் அந்தந்தப் பக்கத்து மூளைக்கும் கண்ணுக்கும் ரத்தம் போகிறது. இடது குழாய்க்குள் வருஷக்கணக்கில் கொழுப்புப் படிந்து வழியைக் குறுக்கிவிட்டது. படிந்ததிலிருந்து அவ்வப்போது ஒரு பொடி உதிர்கிறது. பொடி கண்ணின் குழாயில் மாட்டினால் ஷட்டர் இறங்குகிறது. அது கரைந்தோ நகர்ந்தோ போனால் ஷட்டர் ஏறுகிறது. டாக்டரம்மா இதைச் சொல்லச் சொல்ல, ஆகாசத்தின் மனைவி தலையாட்டிக்கொண்டே வந்தாள். அவளுடைய அலுவலகத்தில் தினமும் எழுதுகிற புகார்தான் இது.

"அடைப்பு மெயின் பைப்புல, தண்ணி வராதது மாடி வீட்டுல," என்றாள்.

"அதேதாம்மா. இதுவரைக்கும் மாடி வீட்டோட போச்சு. அடுத்த பொடி மூளைக்குப் போனா பக்கவாதம். இவருக்கு வலது கை, வலது கால், பேச்சு மூணும் போகலாம்."

அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கழுத்தில் குளிர்ச்சியான பசையைத் தடவி ஒரு கருவியை வைத்து அழுத்தினார்கள். வலது பக்கம் வைத்தபோது சீராக ஒரு சத்தம் கேட்டது. இடது பக்கம் வைத்தபோது, குழாயின் வாயை விரலால் அடைத்துத் தண்ணீரைப் பீய்ச்சுவதுபோல் சீறியது. தன் கழுத்துக்குள் இருந்து அப்படி ஒரு சத்தம் வருவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். எண்பது சதவீதம் அடைப்பு என்றார்கள். அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, கொழுப்புக்கு ஒரு மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று. சிகரெட்டை அந்த வினாடியோடு விட வேண்டும். திங்கட்கிழமை கழுத்தைத் திறந்து குழாயைச் சுத்தம் செய்வதாகச் சொன்னார்கள்.

நடுவில் இரண்டு நாள். நான்காவது மாடி வார்டில் ஜன்னலோரக் கட்டில். எழுந்து நடந்தாலே நர்ஸ் பின்னால் வருவாள். தலையைத் திருப்பினாலே பயமாக இருந்தது. இந்தப் பக்கம் திருப்பினால் ஒரு பொடி உதிருமோ, தும்மினால் உதிருமோ. இத்தனை நாள் கூண்டுதான் சிறை என்று இருந்தவர், இப்போது தன் கழுத்துக்கே கைதி ஆனார். யாராவது பேச்சுக் கொடுத்தால், தலை திரும்பாமல் கண்ணை மட்டும் உருட்டி, சிலைபோல் பதில் சொல்வார். மனைவி அவரைப் பார்த்துவிட்டு, கல்யாணப் போட்டோவில்கூட நீங்க இவ்வளவு அசையாம நின்னதில்லையே என்றாள். சிரிப்பு வந்தது. சிரித்தால் உதிருமோ என்று அதையும் அடக்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அது ஏழாவது தடவையாக வந்தது. ஆனால் இந்தத் தடவை மேலிருந்து வரவில்லை. கீழிருந்து தண்ணீர் ஏறுவதுபோல் இருட்டு ஏறிப் பாதிக் கண்ணில் நின்றுகொண்டது. ஐந்து நிமிஷம் காத்திருந்தார். பத்து நிமிஷம் காத்திருந்தார். நர்ஸைக் கூப்பிட்டார். டாக்டர்கள் ஓடி வந்தார்கள்; விளக்கடித்தார்கள்; கண்ணை அழுத்திப் பிசைந்தார்கள்; ஊசி போட்டார்கள். மத்தியானம் கண் டாக்டரம்மா தானே வந்து பார்த்தார். மேல் கிளைக் குழாயில் துணுக்கு அழுத்தமாக மாட்டிக்கொண்டது, ரத்தம் போகாமல் அந்தப் பகுதி செத்துவிட்டது, கண்ணுக்குள் படம் தலைகீழாக விழுவதால் இடது கண்ணின் கீழ்ப் பாதி இனித் தெரியாது என்றார். மேல் பாதி இருக்கும். அதைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

கீழ்ப் பாதி. இருபத்தொன்பது வருஷம் கீழே பார்த்தே பிழைத்தவர் அவர். அந்த நிமிஷத்தில் டாக்டரம்மாவின் மேல், மனைவியின் மேல், மாத்திரைகளின் மேல் வந்த கோபமெல்லாம் கடைசியில் ஓர் இடத்தில் போய் நின்றது. முதல் தடவை பஸ் ஸ்டாப்பில் இருந்து அந்த பஸ்ஸில் ஏறாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால்? இந்தக் கேள்வியை யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று பார்த்தார். மனைவி கேட்கவில்லை. கட்டிலின் இடது பக்கம் இருந்த டம்ளரை எடுத்து வலது பக்கம் வைத்தாள், அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்க மாட்டோம் என்றார்கள். கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். ஆள் விழித்திருக்க வேண்டும். குழாயைச் சுத்தம் செய்யும்போது அதைக் கொஞ்ச நேரம் கவ்வி அடைத்து வைக்க வேண்டும். அப்போது மூளைக்கு ரத்தம் போதுகிறதா என்று கண்டுபிடிக்க நோயாளியே சொன்னால்தான் உண்டு. அதற்காக அவருடைய வலது கையில் ஒரு ரப்பர் வாத்தைக் கொடுத்தார்கள். குழந்தைகள் குளிக்கும்போது விளையாடும் வாத்து. அமுக்கினால் கீச்சென்று கத்தும். சொல்லும்போதெல்லாம் அமுக்க வேண்டும். சத்தம் வரும்வரை கவலை இல்லை.

முகத்தை வலது பக்கம் திருப்பி வைத்து, மேலே பச்சைத் துணியைப் போர்த்தினார்கள். துணிக்குள் ஒரு சின்னக் கூடாரம். அவருடைய மூச்சே அவர் மேல் திரும்பி வந்து சூடாகப் பட்டது. துணிக்கு அந்தப் பக்கம் கழுத்தில் யாரோ இழுப்பதும் ஒதுக்குவதும் தெரிந்தது, வலி இல்லை. எழுந்திருக்க முடியாது, திரும்ப முடியாது. மயக்க டாக்டர் தலைமாட்டில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கிரேனில் எத்தனை மணிக்கு ஏறுவீர்கள், எத்தனை படி, மழை வந்தால் என்ன செய்வீர்கள். பதில் சொன்னார். அமுக்கச் சொன்னார். கீச்.

"இப்ப குழாயைக் கவ்வறோம்," என்று ஒரு குரல் கேட்டது.

"அமுக்குங்க."

கீச்.

"இன்னொரு தடவை."

அமுக்கினார்.

"அமுக்குங்க ஐயா."

அமுக்கிக்கொண்டுதான் இருந்தார். முழுப் பலத்தையும் கொடுத்து அமுக்கினார். வாத்து உள்ளங்கையில் இருந்ததுகூடத் தெரிந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. அமுக்குகிறேனே, உங்களுக்குக் கேட்கவில்லையா என்று சொல்ல நினைத்தார். நினைத்தது முழுதாக இருந்தது. வாயில் அது வார்த்தையாக ஆகவில்லை. நாக்கு ஏதோ ஒரு தடிப்பான சத்தத்தைப் போட்டது. பச்சைத் துணிக்குள், தன் உடம்புக்குள், எல்லாக் கதவும் சாத்திய ஓர் அறையில் நின்றுகொண்டு அவர் உள்ளிருந்து தட்டினார். வெளியே யாருக்கும் கேட்கவில்லை. அவசரமாக ஒருவருக்கொருவர் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். கை அங்கே கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான்போல.

அது ஒன்றரை நிமிஷம்தான் என்று பிறகு சொன்னார்கள். அடைத்த இடத்தைத் தாண்டி ரத்தம் போக ஒரு சின்னக் குழாயைச் செருகினார்கள். முதலில் கட்டைவிரல் திரும்பி வந்தது. பிறகு மற்ற விரல்கள். கீச் என்று வாத்து கத்தியபோது அந்த அறையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். "பேசுங்க ஐயா, எதையாவது சொல்லுங்க," என்றார் மயக்க டாக்டர்.

"நான் அமுக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றார் ஆகாசம்.

குழாயிலிருந்து எடுத்ததை மறுநாள் ஒரு புட்டியில் போட்டு அவர் மனைவியிடம் காட்டினார்கள். மஞ்சளாக, உடைந்த சுண்ணாம்பு மாதிரி இருந்தது. காதுக்குக் கீழிருந்து தொண்டைவரை தையல். இடது தாடை பல நாள் மரத்துக் கிடந்தது. சவரம் செய்யும்போது யாரோ இன்னொருவருடைய கன்னத்தை வழிப்பதுபோல் இருந்தது. பக்கவாதம் வரவில்லை. ஷட்டரும் அதன்பிறகு இறங்கவில்லை. கீழ்ப் பாதி இருட்டு மட்டும் அப்படியே தங்கிவிட்டது. இரண்டு கண்ணையும் திறந்திருந்தால் பெரும்பாலும் தெரியாது. படி இறங்கும்போதும், இடது பக்கம் தரையில் எதையாவது வைத்திருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். கம்பெனி டாக்டர் சோதித்தார். லைசென்ஸை ரத்து செய்து தபால் வந்தது.

ஒரு மாதம் கழித்து சிக்னல்காரி வீட்டுக்கு வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மனைவி டீ வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சிக்னல்காரி புது ஆபரேட்டரைப் பற்றிச் சொன்னாள். சின்ன வயது, அவசரக்காரர், ஆனால் பரவாயில்லை. அப்புறம் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. நேரில் பேசிப் பழக்கமில்லாத இரண்டு பேர்.

"எம்மேல கோவம் போகலை இல்ல?" என்று அவளே கேட்டாள்.

"போகலை," என்றார். வலது கையைத் தூக்கிக் காட்டினார். "ஆபரேஷன்ல ஒன்றரை நிமிஷம் இந்தக் கை வேலை செய்யலை தங்கச்சி. நான் அமுக்கறேன், அது அமுக்கலை. பேச்சும் வரலை. மேல இருக்கும்போது அப்படி ஆயிருந்தா, நீ கேட்டதுக்கு நான் தெரியலைன்னுகூட சொல்லிருக்க முடியாது."

அவள் டீயைக் கையில் எடுத்தாள்.

"நீ சொன்னது சரிதான். ஆனா கோவம் போகலை. அது போறப்ப போகட்டும்."

"சரிண்ணே," என்றாள். டீயைக் குடித்து முடித்தாள். வழியனுப்ப வந்த அவர், வாசல் படியில் இடது பக்கம் கிடந்த அவளுடைய செருப்பைத் தாண்டிக் காலை வைக்கத் தடுமாறினார். அவள் அதைப் பார்த்துவிட்டு, செருப்பை வலது பக்கம் நகர்த்திவைத்து மாட்டிக்கொண்டாள்.

இப்போது அவர் அதே கம்பெனியின் சாமான் கிடங்கில் இருக்கிறார். நட்டு, போல்ட், கையுறை, தொப்பி கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். ஜன்னல் இல்லாத அறை. டியூப்லைட் காலையிலிருந்தே எரிகிறது. அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை, பிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. கதவை மட்டும் யாரும் சாத்தக்கூடாது என்று சொல்லி, ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழுத்தில் பசை தடவிப் பார்க்கிறார்கள். சுத்தம் செய்த இடது குழாய் நன்றாக இருக்கிறது. போன தடவை வலது பக்கத்தில் நாற்பது சதவீதம் என்றார்கள். இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள், ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்றார்கள். வலது கண்தான் அவருக்கு முழுதாக மிச்சமிருக்கிற கண். வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படிகளின் உச்சியில் நின்றார்கள். மனைவி தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, அவருடைய இடது பக்கம் வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாற்பதுன்னா, மாடி வீட்டுல தண்ணி வரும். கொஞ்சம் மெதுவா வரும்," என்றாள்.

அவர் முதல் படிக்குக் காலால் துழாவினார்.